இலந்தைப் பழம் வீணாகலாமா?

(கிராம நேயர்களுக்காக வானொலியில் ஒலிபரப்பான பேச்சு)



இன்றைக்கு நெல்லைப் பற்றியோ, பருத்தியைப் பற்றியோ நான் பேசப் போவதில்லை. வரப்பு ஓரத்திலும், கம்மாய்க் கரையிலும், புறம்போக்கிலும் யாரும் தண்ணீர் ஊற்றாமல், உரம் வைக்காமல், தானாக முளைத்து நிற்கிறதே இலந்தை, அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அதிலும் குறிப்பாக, இலந்தைப் பழத்தை வைத்து வீட்டிலேயே சுத்தமாக, கெட்டுப்போகாமல் இலந்தை வடை செய்வது எப்படி என்பதைச் சொல்லப் போகிறேன்.

"இதென்னங்க, எலந்த வடை செய்யறதுக்கு ரேடியோவுல வந்து சொல்லித்தரணுமா? எங்க அப்பத்தா காலத்துலேருந்து இடிச்சுக்கிட்டுத்தானே இருக்கோம்" என்று சில தாய்மார்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நான் ஒன்று திருப்பிக் கேட்கிறேன். தை, மாசியில் உங்கள் ஊர் இலந்தை மரத்தடியில் உதிர்கிற பழத்தில் எவ்வளவு வீட்டுக்கு வருகிறது? எவ்வளவு மண்ணோடு மண்ணாகப் போகிறது? நீங்கள் இடித்து வைத்த வடையும் சித்திரை, வைகாசி வரை பூஞ்சணம் பிடிக்காமல் இருக்கிறதா? கடைக்காரர் அதை நம்பி வாங்குகிறாரா? இந்தக் கேள்விகளுக்கெல்லாம் 'ஆமாம்' என்று சொல்லக்கூடியவர்கள் ரேடியோவை நிறுத்திவிட்டு வேறு வேலை பார்க்கலாம். மற்றவர்கள் கொஞ்ச நேரம் கேளுங்கள்.

மழை பொய்த்தாலும் காய்க்கும் மரம்

வானம் பார்த்த பூமியில் இருக்கிறவர்களுக்கு இலந்தையின் அருமை தெரியும். சோளம் கருகிப்போன வருஷத்திலும், கடலை கைவிட்ட வருஷத்திலும் இலந்தை காய்க்கும். அதன் வேர் ஆழமாக இறங்கி அடிமண் ஈரத்தை எடுத்துக்கொள்கிறது. கடும் கோடையில் இலையைக் குறைத்துக்கொண்டு மரம் தாக்குப் பிடிக்கிறது. இலை ஆட்டுக்கு ஆகிறது. முள் வேலிக்கு ஆகிறது. அரக்குப் பூச்சி வளர்ப்பதற்கும் வட இந்தியாவில் இந்த மரத்தைப் பயன்படுத்துகிறார்கள். வடக்கே பத்ரிநாத் என்று சொல்கிறோமே, அந்தப் 'பதரி' என்ற சொல்லுக்கே இலந்தை என்றுதான் பொருள்.

ஆனால் பழத்துக்கு ஒரு குறை உண்டு. நன்றாகப் பழுத்த நாட்டு இலந்தை நாலைந்து நாளுக்கு மேல் தாங்காது. பழம் வருகிற காலத்தில் எல்லா மரத்திலும் ஒரே சமயத்தில் வருகிறது. அப்போது விலை கிடையாது. பழம் இல்லாத காலத்தில் தேடினாலும் கிடைக்காது. இந்த இரண்டுக்கும் நடுவில் பாலம் போடுவதுதான் இலந்தை வடை. இதற்கு விறகும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம். வெயில்தான் அடுப்பு.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வடைக்கு ஏற்றது சின்னதாக, புளிப்பும் துவர்ப்பும் இனிப்புமாக இருக்கிற நாட்டு இலந்தைதான். உம்ரான், பனாரசி போன்ற பெரிய பழ ரகங்கள் பச்சையாகத் தின்னவும், சந்தைக்கு அனுப்பவும் நல்லவை. அவற்றில் சாறும் சதையும் அதிகம், புளிப்பு குறைவு. வடைக்கு அந்த ருசி வராது. ஆகவே, "நம்ம மரத்துப் பழம் சின்னது, ஒன்றுக்கும் ஆகாது" என்று யாரும் மரத்தை வெட்டிவிட வேண்டாம்.

பழம் எடுக்கும்போது

மரத்தடியைக் கூட்டிச் சுத்தம் செய்து, பழைய சேலையோ சாக்குப் படுதாவோ விரித்து, கிளையை உலுக்கிப் பழம் எடுங்கள். ஏற்கெனவே தரையில் உதிர்ந்து கிடக்கும் பழத்தை இதோடு சேர்க்காதீர்கள். ஆடு, மாடு, நாய் நடமாடுகிற இடம். அந்தப் பழத்தில் மண் மட்டுமா ஒட்டியிருக்கும்? பக்கத்து வயலில் பருத்திக்கோ மிளகாய்க்கோ சமீபத்தில் மருந்து அடித்திருந்தால், அந்த வரப்பு இலந்தையைத் தொடவே வேண்டாம்.

முழுச் சிவப்பாக, தொட்டால் சற்று மெத்தென்று இருக்கிற பழம் வேண்டும். பச்சைக்காய் கலந்தால் வடை துவர்க்கும். அழுகல் கலந்தால் புளித்த வாடை வரும்.

வீட்டுக்கு வந்ததும் புழு பார்க்க வேண்டும். இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். இலந்தைப் பழத்தைக் கெடுப்பது ஒரு வகை ஈ. பிஞ்சிலேயே தோலுக்கு அடியில் முட்டை வைத்துவிடும். புழு உள்ளே சதையைத் தின்றுகொண்டே வளரும். வெளியே பார்த்தால் பழம் நன்றாகத்தான் தெரியும். ஆகவே ஒவ்வொரு பழத்தையும் இரண்டு விரலால் அழுத்திப் பிளந்து பாருங்கள். கொட்டையைச் சுற்றிக் கறுப்பாகவோ, பொடிப்பொடியாகவோ இருந்தால் ஒதுக்குங்கள். நேரம் பிடிக்கிற வேலைதான். வீட்டுத் திண்ணையில் நாலு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டே செய்தால் ஒரு மரக்கால் பழம் தெரியாமல் முடிந்துவிடும்.

ஒதுக்கிய புழுப் பழத்தைக் குப்பையில் வீசாதீர்கள். அந்தப் புழு மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகி, மறுபடி ஈயாகி, அடுத்த காய்ப்பைக் கெடுக்க வந்துவிடும். இரண்டு அடி ஆழத்துக்குக் குழி வெட்டிப் புதைத்து மண்ணை மிதித்துவிடுங்கள். மரத்தடியில் உதிர்ந்த பழத்தையும் தினமும் பொறுக்கி இப்படியே செய்யுங்கள். கோடையில் மரத்தடி மண்ணைக் கொத்திப் புரட்டிவிட்டால் மண்ணில் இருக்கிற கூட்டுப்புழுக்கள் வெளியே வந்து வெயிலிலும், கோழி, பறவைகளாலும் அழியும். இதற்குக் காசு செலவில்லை.

நல்ல பழத்தை மூன்று தண்ணீரில் அலசி, துணியில் பரப்பி, ஈரம் போக விடுங்கள். பிறகு ஒரு நாள் அல்லது இரண்டு நாள் வெயிலில் போட்டுத் தோல் சுருங்கியதும் எடுத்துக்கொள்ளுங்கள். இடிப்பதற்கு அதுதான் பக்குவம்.

சேர்மானமும் இடிக்கும் முறையும்

சுத்தம் செய்து வெயிலில் வாடிய பழம் ஒரு கிலோ இருந்தால், வெல்லம் 200 கிராம், காய்ந்த மிளகாய் பத்து அல்லது பன்னிரண்டு, புளி பெரிய நெல்லிக்காய் அளவு, கல் உப்பு இரண்டு தேக்கரண்டி, கட்டிப் பெருங்காயம் ஒரு சுண்டைக்காய் அளவு. இது ஒரு கணக்கு. உங்கள் ஊர் ருசிக்குத் தக்கபடி மிளகாயைக் கூட்டலாம், குறைக்கலாம். ஆனால் உப்பையும் வெல்லத்தையும் ரொம்பவும் குறைத்துவிடாதீர்கள். அவை ருசிக்கு மட்டும் சேர்ப்பதல்ல. பூஞ்சணம் வளராமல் தடுப்பதிலும் அவற்றுக்குப் பங்கு உண்டு.

புளியில் கொட்டை, நார், மண் இல்லாமல் பாருங்கள். வெல்லத்தில் மணல் இருந்தால் வடையைக் கடிக்கும்போது நறநறக்கும். ஆகவே வெல்லத்தை உடைத்துப் பார்த்துச் சுத்தமானதாக எடுங்கள். கரைத்து வடிகட்டலாம் என்று நினைக்காதீர்கள். இந்தப் பண்டத்தில் எந்தக் கட்டத்திலும் தண்ணீர் சேரக்கூடாது.

உரலையும் உலக்கையையும் கழுவி வெயிலில் காயவைத்துக்கொள்ளுங்கள். முதலில் வெறும் சட்டியில் லேசாகச் சூடு காட்டிய மிளகாயை உப்போடு போட்டு இடியுங்கள். அடுத்து பெருங்காயம். அதற்குப் பிறகு புளி. இவை ஒன்று சேர்ந்ததும் பழத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு இடிக்க வேண்டும். மொத்தமாகப் போட்டால் உலக்கை வழுக்கும், பாதி மசியும், பாதி மசியாது. கடைசியில் வெல்லத்தைப் போட்டு நாலு இடி இடித்தால் எல்லாம் சேர்ந்து உருட்டும் பதத்துக்கு வரும்.

கொட்டையை என்ன செய்வது? பழைய வழக்கம் கொட்டையோடு சேர்த்து இடிப்பது. கொட்டை உடைந்து, அதன் துணுக்கைக் கடித்துச் சப்பித் தின்பதில் ஒரு ருசி இருப்பது உண்மைதான். ஆனால் சின்னப் பிள்ளைகளுக்கும், பல் ஆடுகிற வயசானவர்களுக்கும் அது ஆகாது. குழந்தைக்குத் தொண்டையில் சிக்கினால் ஆபத்து. ஆகவே வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால், பழத்தைப் பிளந்து பார்க்கிறபோதே கொட்டையை எடுத்துவிட்டுச் சதையை மட்டும் இடியுங்கள். விற்பனைக்குச் செய்கிறவர்கள் இரண்டு வகையும் தனித்தனியாகச் செய்து, பொட்டலத்தில் 'கொட்டை உள்ளது', 'கொட்டை நீக்கியது' என்று எழுதிவிடலாம். கொட்டையோடு மிக்ஸியில் போட்டு அரைக்க வேண்டாம். பிளேடு போய்விடும்.

பித்தளை, செம்புப் பாத்திரத்தில் இந்தக் கலவையை வைக்காதீர்கள். புளிப்பும் உப்பும் சேர்ந்து களிம்பு ஏறும். அலுமினியமும் வேண்டாம். எவர்சில்வர், மண்சட்டி, பீங்கான் நல்லது.

காயவைப்பதில்தான் எல்லாம்

கையில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் தொட்டுக்கொண்டு, எலுமிச்சங்காய் அளவில் பாதி உருட்டி, வாழை இலையிலோ வெள்ளைத் துணியிலோ மெல்லிய வடையாகத் தட்டுங்கள். எல்லா வடையும் ஒரே கனமாக இருக்க வேண்டும். ஒன்று தடிமனாகவும் ஒன்று மெல்லிசாகவும் இருந்தால், மெல்லிசானது காய்ந்து முறுகும்போது தடிமனானதின் நடுவில் ஈரம் நின்றுவிடும். அந்த ஒரு வடையில் பிடிக்கிற பூஞ்சணம் டப்பா முழுவதும் பரவிவிடும்.

தரையில் காயவைக்காதீர்கள். கயிற்றுக் கட்டிலின் மேல் பாயைப் போட்டு, அதன்மேல் சுத்தமான துணி விரித்துக் காயவைத்தால் கோழியும் நாயும் எட்டாது, அடியிலும் காற்று போகும். மேலே மெல்லிய கொசுவலைத் துணியை நாலு மூலையிலும் குச்சி நட்டுப் பந்தல் மாதிரிக் கட்டுங்கள். வெல்லம் சேர்ந்த பண்டம் என்பதால் ஈயும் எறும்பும் தேடி வரும். கட்டில் கால்களைத் தண்ணீர் ஊற்றிய கொட்டாங்கச்சியில் வைத்தால் எறும்பு ஏறாது. பஸ்ஸும் லாரியும் போகிற ரோட்டோரம் வேண்டாம். புழுதி அத்தனையும் வடையில்தான் படியும்.

மாசி மாதத்தில் பகலில் வெயில் சுள்ளென்று அடித்தாலும் இரவில் பனி இறங்கும். அந்தி சாய்வதற்குள் எடுத்து வீட்டுக்குள் வைத்துவிட வேண்டும். பகல் முழுவதும் காய்ந்ததைப் பனியில் விட்டால் பாதி வேலை வீண். மறுநாள் திருப்பிப் போட்டுக் காயவையுங்கள். நல்ல வெயிலில் மூன்று நாலு நாள் ஆகும். மேகமூட்டமாக இருந்தால் கூடவே ஆகும். அவசரப்படாதீர்கள்.

பதம் பார்ப்பது எப்படி? ஒரு வடையை நடுவில் பிட்டுப் பாருங்கள். உள்ளே விரல் வைத்தால் பிசுபிசுவென்று ஒட்டக்கூடாது. அப்பளம் மாதிரி ஒடியவும் கூடாது. வளைத்தால் தோல் மாதிரி வளைந்து பிறகு பிய்ய வேண்டும். அதுதான் சரியான பதம்.

ஈரம்தான் பூஞ்சணத்துக்குச் சோறு. அந்த ஈரத்தை வெயில் வெளியேற்றுகிறது. மிச்சம் இருக்கிற கொஞ்சநஞ்ச ஈரத்தையும் உப்பும் வெல்லமும் பிடித்துவைத்துக்கொள்கின்றன. புளிப்பும் துணை நிற்கிறது. அதனால்தான் ஒரு மருந்தும் சேர்க்காமல் வடை மாதக்கணக்கில் இருக்கிறது. இதில் ஒன்றைக் குறைத்தால் மற்றவை ஈடு கொடுக்க மாட்டா.

வெயிலிலிருந்து எடுத்த சூட்டோடு டப்பாவில் அடைக்காதீர்கள். சூடு ஆறும்போது மூடியில் வியர்த்து, அந்த நீர் வடையில் சொட்டும். நிழலில் ஆறவைத்து, உலர்ந்த பீங்கான் ஜாடியிலோ கண்ணாடிப் புட்டியிலோ போட்டு இறுக மூடுங்கள். ஈரக் கையை உள்ளே விட வேண்டாம். மாதம் ஒரு தடவை எடுத்து ஒரு வெயில் காட்டுங்கள். எங்கேயாவது வெள்ளையாகவோ பச்சையாகவோ பூஞ்சணம் தெரிந்தால், "மேலாகச் சுரண்டிவிட்டுத் தின்னலாம்" என்று பார்க்காதீர்கள். பூஞ்சணத்தின் வேர் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே போயிருக்கும். அதில் விஷமும் இருக்கக்கூடும். மனசைக் கல்லாக்கிக்கொண்டு கொட்டிவிட வேண்டியதுதான்.

பழம் ஒரேயடியாகக் குவிந்துவிட்டது, இடிக்க ஆள் இல்லை என்றால் அதற்கும் வழி இருக்கிறது. புழு பார்த்துக் கழுவிய பழத்தைக் கொதிக்கிற தண்ணீரில் இரண்டு மூன்று நிமிஷம் போட்டு எடுத்து, வடிய விட்டு, நன்றாகக் காயவைத்து வற்றலாக்கி வையுங்கள். வயல் வேலை ஓய்கிற பங்குனி, சித்திரையில் அந்த வற்றலை எடுத்து வடைக்கு இடித்துக்கொள்ளலாம்.

சத்தைப் பற்றி ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். பச்சை இலந்தைப் பழத்தில் வைட்டமின் சி நிறைய இருக்கிறது. வெயிலில் காயவைக்கும்போது அதில் பெரும்பகுதி போய்விடும். ஆகவே பழம் கிடைக்கிற காலத்தில் பிள்ளைகளுக்குக் கழுவிப் பச்சையாகக் கொடுங்கள். மிஞ்சுவதைத்தான் வடையாக்க வேண்டும். சர்க்கரை வியாதி, ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் வடையை அளவோடு தின்பது நல்லது. வெல்லமும் உப்பும் அதில் இருக்கிறதல்லவா?

விற்க நினைப்பவர்களுக்கு

வீட்டுக்குப் போக மிஞ்சியதை விற்கலாம். மகளிர் சுய உதவிக் குழுவில் இருக்கிற சகோதரிகள் சேர்ந்து செய்தால் இன்னும் சுலபம். ஆனால் கணக்கை முதலிலேயே சரியாகப் போட வேண்டும். "பழம் சும்மா கிடைச்சது, வெல்லமும் மிளகாயும்தானே செலவு" என்று நினைத்து விலை வைத்தால் நஷ்டம் உங்களுக்குத்தான். நாலு பேர் இரண்டு நாள் பழம் எடுத்து, புழு பார்த்து, இடித்திருந்தால் அது எட்டு ஆள் கூலி. அதே நாளில் களையெடுக்கப் போயிருந்தால் என்ன கூலி கிடைத்திருக்கும்? அதைக் கணக்கில் எழுதுங்கள். வெல்லம், மிளகாய், உறை, பஸ் கட்டணம் எல்லாவற்றையும் எழுதுங்கள். முதல் தடவை ஒரு கிலோ பழத்தில் செய்து, காய்ந்த பிறகு வடை எத்தனை கிராம் நிற்கிறது என்று தராசில் போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மொத்தச் செலவை அந்த எடையால் வகுத்தால் அடக்க விலை தெரிந்துவிடும். அதற்குக் கீழே யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

செய்தித்தாளில் மடித்து விற்காதீர்கள். அச்சு மை பண்டத்தில் ஒட்டும். உணவுக்கு உரிய உறையில் போட்டு, என்னென்ன சேர்ந்திருக்கிறது, எடை எவ்வளவு, எந்தத் தேதியில் செய்தது என்று எழுதி ஒட்டுங்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-ல் வந்தது. அதன்படி சிறிய அளவில் வீட்டில் செய்து விற்கிறவர்களும் பதிவு செய்துகொள்ள வேண்டும். உங்கள் வட்டார உணவுப் பாதுகாப்பு அலுவலரைப் பார்த்தால் விவரம் சொல்வார். சிவப்பாகத் தெரிய வேண்டும் என்று சாயப்பொடி கலக்காதீர்கள். பழத்தின் நிறமே போதும். அது கறுத்துத்தான் இருக்கும், அதுதான் அசல்.

பழங்களைப் பதப்படுத்துவதில் பயிற்சி வேண்டும் என்றால் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள். நாட்டிலேயே முதல் நிலையம் 1974-ல் நம் பக்கத்துப் புதுச்சேரியில்தான் தொடங்கியது. இன்று தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலும் இருக்கின்றன.

மரத்தையும் கவனியுங்கள்

கடைசியாக ஆண்களுக்கு ஒரு வார்த்தை. வடை பெண்கள் வேலை என்று ஒதுங்கிவிடாதீர்கள். மரத்தைக் கவாத்து செய்வது உங்கள் வேலை. இலந்தை அந்த வருஷம் துளிர்க்கிற புதுக் கிளையில்தான் பூத்துக் காய்க்கிறது. காய்ப்பு முடிந்ததும் காய்ந்த கிளை, நோய்க் கிளை, உள்ளே அடைசலாக வளர்ந்த கிளை எல்லாவற்றையும் கழித்துவிட்டால் மழைக்குப் புதுத் துளிர் நிறைய வரும், பழமும் பெருக்கும். வெட்டிய முள் வேலிக்கு ஆகும்.

பத்து மரம் இருக்கிறவர்கள் எட்டு மரத்தை நாட்டு மரமாகவே வடைக்கு விட்டுவிட்டு, இரண்டு மரத்தைத் தரைக்கு மேல் வெட்டித் தழையவிட்டு, வருகிற இளங்கிளையில் நல்ல ரகத்தின் மொட்டைக் கட்டிக்கொள்ளலாம். வேர் ஏற்கெனவே ஆழமாக இறங்கியிருப்பதால் புது நாற்றை நட்டுக் குடம் குடமாகத் தண்ணீர் சுமக்கிற வேலை இல்லை. தென்மாவட்டத்துக்காரர்களுக்கு அருப்புக்கோட்டையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மானாவாரி நிலத்துக்கு ஏற்ற பயிர்களைப் பற்றி அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

பழத்தைத் தரையில் பொறுக்காமல் விரிப்பில் உலுக்குங்கள், பிளந்து புழு பாருங்கள், தண்ணீர் படாமல் இடியுங்கள், பனி படாமல் காயவையுங்கள், சூடு ஆறிய பிறகு மூடுங்கள். இந்த ஐந்தையும் கைக்கொண்டால் போதும். இந்த வருஷம் ஒரு படி பழத்தில் செய்து பாருங்கள். ஆடி மாதம் ஜாடியைத் திறக்கிறபோது வடை கெடாமல் இருந்தால், அடுத்த தையில் ஒரு மூட்டைக்குத் துணியலாம்.